அப்பிள் மரத்துக்குக் காலுறை

பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஆளுயரப் பச்சை வேலி ஒன்று மட்டுந்தான். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் எங்களுக்குத் தடிமன் பிடிக்கும் தூரம். அன்று காலையும் குப்பைத் தொட்டிகளை இழுத்துத் தெருவில் வைக்கும்போது ஆளையாள் பார்த்துக் கையசைத்திருந்தோம். அதற்குப் பிறகு மனிதர் உள்ளே போய், தாள் எடுத்து, கூட்டெழுத்தில் எழுதி, உறையில் போட்டு, எங்கள் கடிதப் பெட்டிவரை நடந்து வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். முத்திரை ஒன்றுதான் குறை.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு கடிதத்தில் என்ன பயம் என்று தோன்றலாம். எங்கள் யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைகள் வாயால் நடப்பவை. வேலிக் கதியாலை நாலு விரற்கடை தள்ளி நட்டால் பத்து வீட்டுக்குக் கேட்கும். ஒன்றில் பொழுது படுவதற்குள் முடியும், அல்லது கோட்டில் வழக்காக முப்பது வருடம் இழுபடும். எப்படியானாலும், நடப்பது சண்டைதானா என்ற சந்தேகம் மட்டும் ஒருவருக்கும் வராது. டென்மார்க்கில் சத்தம் கிடையாது, சந்தேகம் மட்டுந்தான். அதனால் நானும் என் கணவர் அன்ரனும் அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, தேத்தண்ணீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

தமிழில் சொன்னால் அது இவ்வளவுதான்: "அன்புள்ள அயலவர்களே, உங்கள் மரத்திலிருந்து விழும் அப்பிள்களில் நிறையப் புழு இருக்கிறது. என்னுடையவற்றிலும் இருக்கிறது. விழுந்தவற்றை ஒவ்வொரு நாளும் பொறுக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புழு வெளியே வந்து மரப்பட்டைக்குள் ஒளித்திருந்து அடுத்த வருடம் திரும்பவும் வரும். நாங்கள் ஒருவருக்கொருவர் உதவலாமா? வென்லி ஹில்சன், பிரேபன்."

"உது கோவக் கடிதம்" என்றார் அன்ரன். "முதல் வரியிலையே 'உங்கள் மரம்' எண்டு போட்டிட்டார். தன்ரை மரத்தைப் பேந்து பேருக்குச் சேர்த்திருக்கிறார்."

"கடைசியிலை உதவலாமோ எண்டெல்லே கேட்டிருக்கிறார்?"

"அது அவையின்ரை மரியாதையான ஏச்சு. என்ரை வேலையிலை மனேச்சரும் உப்பிடித்தான். 'அன்ரன், நாங்கள் இந்தப் பலகையளை அடுக்கலாமோ?' எண்டு கேப்பார். நாங்கள் எண்டால் நான்."

பிறகு கையொப்பத்துக்கு மேலே இருந்த இரண்டு சொற்களை ஆராய்ந்தோம். வென்லி ஹில்சன் என்றால் நட்பான வணக்கம். ஆனால் வரி அலுவலகமும் அப்படித்தான் எழுதுகிறது. கேர்லி ஹில்சன் என்று அன்போடு எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. வெறும் ஹில்சன் என்றால் போருக்கு ஆயத்தம் என்று அர்த்தம். வென்லி என்பது நடுவில் நிற்கிறது; எந்தப் பக்கமும் சாயலாம். ஓகூஸ் நகரில் வேலை செய்யும் எங்கள் மகள் நிரோஷியைத் தொலைபேசியில் பிடித்து வாசித்துக் காட்டினோம். அவள் வழக்கம்போல நாங்கள் தமிழில் கேட்டதற்கு டெனிஷில் பதில் சொன்னாள்: "அம்மா, அவர் எழுதியிருப்பதுதான் அதன் அர்த்தம்."

எழுதியிருப்பதுதான் அர்த்தம் என்று நம்புவதற்கு ஒருவர் இந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.

அந்த மரம் எங்களுக்கு வீட்டோடு வந்தது. இருபது வருடம் மூன்றாம் மாடியில் இருந்துவிட்டு, சில்க்போர்க் நகரின் ஓரத்தில் ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கினோம். வீட்டைக் காட்டிய தரகர் கூரையைப் பற்றிச் சொல்லவேண்டிய எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "வயதான ஓர் அப்பிள் மரமும் உண்டு" என்று மட்டும் மூன்று தரம் சொன்னார். முதல் இலையுதிர்காலத்தில் கொப்புகள் நிலத்தைத் தொட்டன. அன்ரன் மரத்தடியில் நின்று படம் எடுத்து ரொறன்ரோவுக்கும் மன்னாருக்கும் அனுப்பினார். அவருடைய தமக்கை மன்னாரிலிருந்து, "கடையிலை வாங்கிக் கட்டித் தொங்கவிட்டனியோ?" என்று கேட்டிருந்தார்.

சந்தோசம் ஒரு ஞாயிற்றுக்கிழமைவரை நீடித்தது. தமிழ்ப் பூசைக்குப் பிறகு மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீர் கொடுக்கும் வழக்கம். நான் ஒரு கூடை அப்பிள் கொண்டுபோய் மேசையில் வைத்து, எங்கள் வளவில் காய்த்தவை என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, அடக்கமாக நின்றேன். பிலோமினா அக்கா ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். கையிலிருந்த மிச்சத்தைப் பார்த்தார். பிறகு மண்டபத்தின் கடைசிக் கதிரைக்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

"பிள்ளை, இதுக்குள்ளை ஏற்கெனவே ஒரு ஆள் குடியிருக்கிறார்."

எல்லோரும் தங்கள் தங்கள் அப்பிளைத் திருப்பிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஆள் இருந்தார். பாதர் மட்டும் ஏற்கெனவே முழுவதையும் தின்று முடித்திருந்தார். அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே பிரேபனின் கடிதம் வந்தபோது அது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல. பழைய வெட்கத்துக்குக் கிடைத்த அரசாங்க முத்திரை. இருபது வருடம் மாடியில் இருந்தபோது எங்களால் ஒருவருக்கும் தொல்லை இல்லை. கறி தாளிக்கும்போது யன்னல் சாத்தினோம், விருந்தினரிடம் மெல்லக் கதையுங்கோ என்று கெஞ்சினோம். இப்போது நிலம் வாங்கி ஒரு மரத்துக்குச் சொந்தக்காரராகி, முதல் வேலையாக அயலுக்குப் புழு பரப்பியிருக்கிறோம். "நாளைக்குத் தெரு முழுக்கச் சொல்லுவினம், வெளிநாட்டுக்காரர் வந்தாப் பிறகுதான் புழு வந்தது எண்டு" என்றார் அன்ரன். அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த நாளே மருந்து வாங்கப் புறப்பட்டுவிட்டார்.

இந்த இடத்தில் எங்கள் மொழியின் ஒரு சிறு குற்றத்தையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு மனிதன் குடிப்பதும் மருந்து, மிளகாய்க் கன்றுக்கு அடிப்பதும் மருந்து. அந்தப் பழக்கத்தில் மனிதர் நேரே அப்போத்தேக்குக்கு, அதாவது ஆட்களுக்கு மருந்து விற்கும் கடைக்குப் போய், "புழுவுக்கு ஏதாவது வேண்டும்" என்றிருக்கிறார். வெள்ளை மேலங்கி போட்ட இளம் பெண் குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்கா, பெரியவருக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

"பெரியது" என்றிருக்கிறார் அன்ரன். "ஐம்பது வயதிருக்கும்."

"அரிப்பு இருக்கிறதா?"

அன்ரனுக்கு அந்த டெனிஷ்ச் சொல் தெரியும். தலைக்குள் அதைத் தமிழாக்கினார். புழு அரிக்கும், அது உண்மைதானே. "ஓம், உள்ளுக்குள் முழுக்க அரித்துவிட்டது" என்று கவலையோடு சொல்லியிருக்கிறார். அவள் மிகுந்த அனுதாபத்தோடு ஒரு சிறிய பெட்டியை எடுத்துக் கொடுத்து, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் எடுக்க வேண்டும், படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் துவைக்க வேண்டும் என்று விளக்கியிருக்கிறாள். மரத்துக்கு ஏது படுக்கை விரிப்பு என்று அவர் யோசித்தது காரில் ஏறிய பிறகுதான். திரும்பிப் போய் விளக்கம் சொல்ல அவருக்கு வெட்கம். இன்றைக்கும் அவர் தலையிடிக் குளிசை வாங்க அடுத்த ஊருக்குத்தான் போகிறார்.

வேறு வழியில்லாமல் நான் ரோல்ஸ் சுட்டு ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு பிரேபனின் கதவைத் தட்டினேன். பிரேபன் பஸ் சாரதியாக இருந்து இளைப்பாறியவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் தூரத்தில். நெட்டையானவர், எப்போதும் ஒரு நீண்ட தடியோடு வளவில் நிற்பார். "இதற்கு அவசியமே இல்லையே" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். புழுவுக்கு என்றேன். "நொ" என்றார்.

இந்த நொ என்பதை ஊரில் உள்ளவர்கள் ஆங்கிலத்து நோ என்று எண்ணக்கூடாது. இது இல்லை அல்ல. ஆம் என்றும் சொல்ல முடியாது. அப்படியா, சரிதான், பாவம், போதும் எழும்புங்கள், எனக்கு மனம் நொந்துவிட்டது என்ற எல்லாவற்றுக்கும் டெனிஷ்காரரிடம் இந்த ஒரு சொல்தான். நீட்டலிலும் குறுக்கலிலும் வித்தியாசம் காட்டுவார்கள். எனக்கு முப்பது வருடமாகியும் பாதிதான் பிடிபட்டிருக்கிறது.

அடுத்த வசந்தத்தில் மரம் பூத்து உதிர்ந்ததும் பிரேபனின் பாடம் தொடங்கியது. தடியால் சுட்டிக்காட்டிச் சுட்டிக்காட்டிச் சொன்னார். புழு என்று நாங்கள் நினைப்பது புழு அல்ல, ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சியின் பிள்ளை. தாய் கோடை தொடங்கும்போது பிஞ்சுகளின் பக்கத்தில் முட்டை இடும். குஞ்சு காயைத் துளைத்துப் போய் விதையைத் தின்னும். ஆகவே முதலில் பொறி. கூடாரம் போல மடித்த ஒரு மட்டைப்பெட்டி, அடியில் பசை, நடுவில் பெண் பூச்சியின் வாசம் ஏற்றிய ஒரு சிறிய ரப்பர்த் துண்டு. ஆண் பூச்சிகள் பெண் இருக்கிறது என்று நம்பி உள்ளே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அன்ரன் அந்த ரப்பரை மோந்து பார்த்தார். "ஒரு மணமும் இல்லை."

"நீங்கள் பூச்சி இல்லையே" என்றார் பிரேபன்.

வீட்டுக்குள் வந்ததும் அன்ரன் என்னிடம் சொன்னார்: "பொம்பிளை இருக்கு எண்டு பொய் சொல்லிக் கூப்பிட்டுப் பசையிலை ஒட்டிக் கொல்லுறது. இதை நான் பாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை என்னெண்டு சொல்லுறது?"

பிரேபனின் பாடத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. எல்லாவற்றையும் முதலில் தன் மரத்தில் எங்களைக் கொண்டு செய்விப்பார். பொறியை அவர் மரத்தில் ஏறிக் கட்டியது அன்ரன். பூச்சிக் குஞ்சுகள் இறங்கி வரும்போது ஒளித்துக்கொள்ளட்டும், பிறகு அப்படியே கழற்றி எரிக்கலாம் என்று அடிமரத்தைச் சுற்றி நெளிந்த பெட்டி மட்டை கட்ட வேண்டும். அதையும் முழங்காலில் நின்று கட்டியது அன்ரன். "நீ செய், நான் பார்க்கிறேன்" என்பார் பிரேபன், தடியை ஊன்றிக்கொண்டு. "நான் என்ன லைசென்ஸ் எடுக்கவே வந்தனான்? சோதினை வைக்கிறார்" என்று அன்ரன் புறுபுறுப்பார். ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். பிரேபன் தலையாட்டிய பிறகுதான் எங்கள் மரத்துக்கு வந்து அதையே செய்வார்.

ஞாயிறு தோறும் பிரேபன் இரண்டு பொறிகளிலும் விழுந்த பூச்சிகளை எண்ணித் தன் கொட்டில் கதவில் ஒட்டிய தாளில் எழுதினார். ஒரு ஞாயிறு எங்களுடையதில் முப்பத்தொன்று. அவருடையதில் பன்னிரண்டு. அன்ரனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அவரின்ரை பூச்சியளும் எங்கடை பக்கம்தான் வருது" என்று வாதாடினார். எனக்கென்னவோ இந்தப் பொறி ஆண்களை மட்டும் பிடிப்பதுதான் இடித்தது. முட்டை இடுகிறவள் சுதந்திரமாகத் திரிகிறாளே. அப்போதுதான் எனக்கு ஐயாவின் மாதுளை ஞாபகம் வந்தது.

ஐயா தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். எங்கள் வளவில் நின்ற மாதுளையின் ஒவ்வொரு பிஞ்சுக்கும் தன் பழைய சேட்டுத் துணியில் பை தைத்துக் கட்டுவார், அணிலுக்கும் புழுவுக்கும் எட்டாமல். "மனுசனுக்குப் போடச் சேட்டு இல்லை, மாதுளைக்குச் சேட்டு" என்று அம்மா ஏசுவா. தெருவால் போகிறவர்கள், உதுக்குள்ளை என்ன நகையோ என்று கேட்பார்கள். யுத்தம் கிட்ட வந்து நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட நாளில் மரத்தில் பதினொரு பை இருந்தது. பல மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது பதினொரு பையும் அப்படியே கட்டியபடி தொங்கின. உள்ளே ஒன்றும் இல்லை. யாரோ அவிழ்த்துப் பழத்தை எடுத்துவிட்டு, வெறும் பையைத் திரும்பவும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கூரை ஓட்டில் பாதி போயிருந்தது, கதவு நிலை போயிருந்தது. ஐயா அதையெல்லாம் விட்டுவிட்டு அந்த முடிச்சுகளைத்தான் நெடுநேரம் பார்த்தார். "என்ரை முடிச்சு இல்லை. ஆனால் வடிவாக் கட்டியிருக்கிறான்" என்றார்.

அப்பிளுக்கும் பை கட்டலாம் என்று நான் முடிவெடுத்தேன். துணி கட்டினால் டென்மார்க் மழையில் அழுகும். மெல்லிய நைலோன் என்றால் தண்ணீர் ஓடும், வெயில் போகும், காய் பெருக்கப் பெருக்கத் தானும் விரியும். இவ்வளவு நைலோனுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது ஹேர்னிங்கில் இருக்கும் என் சின்னம்மாவின் நினைவு வந்தது. அவர் அங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை செய்தவர். அது மூடப்பட்டபோது தொழிலாளருக்குப் பகிர்ந்து கொடுத்த மிச்சச் சாமான்கள் இன்னும் அவருடைய நிலவறையில் கிடந்தன. சின்னம்மா ஒரு கறுப்புப் பையை இழுத்து வந்து என் முன்னால் கொட்டினார். முழங்கால்வரை வரும் பெண்களுக்கான நைலோன் காலுறைகள். இருநூறுக்கு மேல்.

"கொண்டு போ, மோனை. முப்பது வரியமா உதுக்கொரு கால் கிடைக்கேல்லை" என்றார்.

ஒவ்வொரு சோடியின் பொதியிலும் நிறம் அச்சிட்டிருந்தது: தோல் நிறம். எடுத்து என் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். சின்னம்மாவின் கைக்குப் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தேன். யாருடைய தோல் என்று அதில் போட்டிருக்கவில்லை.

பிஞ்சுகள் பாக்களவு வந்தபோது, ஒரு கொத்துக்கு ஒன்று விட்டு மற்றதைக் கிள்ளி எறிந்துவிட்டு, இரண்டு வார இறுதி ஏணியில் நின்று காலுறை போட்டோம். நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். இருபது வருடமாக ஒவ்வொரு காலையும் ஏழெட்டுப் பேருக்குக் காலுறை மாட்டிவிட்டுத்தான் வருகிறேன். என் கைக்கு அது தானாக வந்தது. அன்ரன் ஒன்றை மாட்டுவதற்குள் நான் ஐந்து மாட்டினேன். அப்பிளுக்கு விரல்களும் இல்லை, குறை சொல்ல வாயும் இல்லை.

காற்றடித்தபோதுதான் நாங்கள் செய்த காரியம் எங்களுக்கே தெரிந்தது. வெளிறிய இருநூறு டெனிஷ்க் கால்கள் மரத்திலிருந்து தொங்கி ஆடின. நாயோடு நடக்கிறவர்கள் நின்றார்கள். நாய்களும் நின்றன. ஒரு பெண் வேலிக்கு மேலால் எட்டி, "இது கலைப்படைப்பா?" என்று மரியாதையாகக் கேட்டாள். "இல்லை, புழுவுக்கு" என்றார் அன்ரன். அவள் அதைப் படைப்பின் தலைப்பு என்று எடுத்துக்கொண்டாள் போலும். மிகவும் ஆழமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். பிரேபன் தன் பக்கத்திலிருந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு "ஸ்பெண்டனே" என்றார். அகராதியில் அதற்குச் சுவாரசியமானது என்று பொருள். வாழ்க்கையில் அதற்கு, இதில் எனக்குச் சம்பந்தமில்லை என்று பொருள்.

"உங்கள் மரத்துக்கும் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் தன் மரத்தைப் பார்த்தார். "கேர்தா சிரிப்பாள்" என்றார். கேர்தா அவருடைய மனைவி. அந்த மரத்தை நட்டவர் அவர்தான். நான் ஏணியை மடித்து வைத்தேன்.

செப்டெம்பர் மாதத்தில் எங்கள் தெருவில் வருடாந்த விருந்து ஒன்று உண்டு. தெருவின் முடிவில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, வீட்டுக்கு ஒரு சாப்பாடு கொண்டு வந்து எல்லோருமாகச் சாப்பிடுவார்கள். வழமையாக அதில் அப்பிள் பிரேபனுடையது. சாப்பாடு முடிந்ததும் முதல் அப்பிளை அவர் வெட்டி மேசைக்குக் கொடுப்பதுதான் வழக்கமாம். போன வருடம் நாங்கள் வேலையைச் சாட்டிப் போகாமல் விட்டிருந்தோம். இந்த வருடம் அன்ரன் இரண்டு கிழமைக்கு முன்னரே சேட்டு அழுத்தி வைத்தார். அப்பிள்களைக் காலுறையைக் கழற்றாமலே கொண்டுபோக வேண்டும் என்பதும் அவருடைய கட்டளை. "ஆதாரம் வேணும்" என்றார். போதாததற்கு டெனிஷில் ஒரு வசனத்தைக் குளியலறையில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு என்னவென்று விளங்கவில்லை.

விருந்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. என் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்து ஆறு பேர் உறைக்குமா என்று கேட்டார்கள், நாலு பேர் சாப்பிட்டார்கள். கடைசியில் பிரேபன் தன் கூடையிலிருந்து துடைத்துப் பளபளக்க வைத்த ஓர் அப்பிளை எடுத்து வெட்டினார். நடுவில் கபில நிறத்தில் ஒரு சுரங்கம். அதன் முடிவில் வெளிச்சம் பட்டு நெளிந்துகொண்டு ஓர் ஆள். இரண்டாவதை வெட்டினார். அதுவும். மூன்றாவதை வெட்டவில்லை, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நொ" என்றார் யாரோ.

அன்ரன் தன் கூடையிலிருந்து ஒரு காலுறையை எடுத்து, மந்திரவாதி மாதிரி மெல்ல உருவினார். அப்பிள் வெளியே வந்தது. வெட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று சுத்தம். எனக்குக் காலால் அவரை மிதிக்க எட்டவில்லை. அவர் எழுந்து நின்று, பழகி வைத்திருந்த வசனத்தைச் சொல்லிவிட்டார்:

"பிரேபன், ஒருவேளை உங்கள் புழுக்கள்தான் எங்களிடம் வருகின்றனவோ?"

மேசை முழுக்கச் சிரித்தது. எங்கள் தெருவில் அன்ரன் சொன்ன ஒன்றுக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதற்தரம். யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். பிரேபனும் சிரித்தார். பிறகு கத்தியைத் துடைத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கோப்பிக்கு நிற்காமல் போய்விட்டார். வெட்டிய அப்பிள்கள் அவர் தட்டிலேயே கிடந்தன. அன்ரன் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

மூன்று நாள் பிரேபனைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூச்சி எண்ணவும் வரவில்லை. நாலாம் நாள் பின்னேரம் மரக்கறித் தோலைக் கொட்டுவதற்கு வளவின் மூலைக்குப் போனேன். அந்த இடத்தில் வேலி ஐதாக இருக்கும். மறுபக்கத்தில் பிரேபன் தன் மரத்தடியில் நின்றார். காலடியில் புல்லே தெரியாத அளவுக்கு அப்பிள், பழுத்ததும் அழுகியதுமாக. அவர் கையில் நீண்ட பிடியும் நுனியில் கவ்வும் கொண்ட ஒரு கிடுக்கி இருந்தது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். இடுப்பு மூட்டுப் பழுதாகிக் குனிய முடியாதவர்களுக்கு எங்கள் இல்லத்தில் நாங்கள் கொடுப்பது. அதால் ஓர் அப்பிளைக் கவ்வினார். மெல்லத் தூக்கி வாளிக்கு மேலே கொண்டுவந்தார். நழுவி விழுந்தது. மற்றக் கையால் தடியைப் பற்றிக்கொண்டு, அதே அப்பிளைத் திரும்பவும் கவ்வினார்.

சுட்டிக்காட்டுவதற்கு வைத்திருக்கிறார் என்று நான் நினைத்த தடி. நீ செய், நான் பார்க்கிறேன் என்றது. இருபது வருடமாக வயோதிபரின் இடுப்பையும் முழங்காலையும் பார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு, ஒரு வருடமாக என் முன்னால் நின்ற மனிதரின் இடுப்புத் தெரியவில்லை. அவர் கோபமா இல்லையா என்று மட்டுந்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேலிக்குள்ளால் புகுந்துதான் போனேன். முள்ளில்லாத வேலி, என்றாலும் தலைமயிரை இழுத்தது. பிரேபன் திடுக்கிட்டுக் கிடுக்கியைப் பின்னால் ஒளித்தார், களவாய் இனிப்புத் தின்ற பிள்ளைபோல.

"இடுப்பா?" என்று கேட்டேன்.

"இரண்டு வருடமாக. சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறேன்."

"ஏன் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை?"

அவர் என்னை உண்மையிலேயே விளங்காமல் பார்த்தார். "எழுதினேனே" என்றார்.

நான் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். வேறு எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாளி நிறைந்தது. நடுவில் ஒருமுறை அவர், "உன் கணவர் சொன்னது சரிதான், புழு என்னுடையதுதான்" என்றார். "இல்லை, பாதிப் பாதி" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "முப்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு" என்றார். நேரமும் எண்ணும் தவறாத பஸ் சாரதி. இருவரும் சிரித்தோம்.

அன்ரனிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "நான் எழும்பி நிண்டெல்லே சொன்னனான்" என்றார். அடுத்த நாள் காலை வேலைக்குப் போகமுன்னர் வேலியடியில் அவர் குரல் கேட்டது. பிரேபனிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று விளங்கியது. பிரேபன் எதற்கு என்று கேட்டதும் கேட்டது. அதற்குப் பிறகு இருவரும் ஏணியைப் பற்றிக் கதைத்தார்கள்.

சனிக்கிழமை பிரேபனின் மரத்தில் மிஞ்சியிருந்ததை இறக்க நான் ஏறினேன். அவர் ஒரு கையால் ஏணியையும் மறுகையால் வாளியையும் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். உச்சிக் கொப்பு எங்கள் வளவுப் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு காலை ஏணியிலும் மற்றதைக் கொப்புக் கவரிலும் ஊன்றி நிமிர்ந்தபோது, இலைகளுக்குள்ளால் வேலிக்கு அப்பால் ஒரு வீடு தெரிந்தது. பின்கதவுப் படியில் ஒரு சாடியில் கறிவேப்பிலைக் கன்று. கொடியில் இரண்டு கோடுபோட்ட சாரம். குசினி யன்னலில் ஓர் அந்தோனியார் சுரூபம். யாரோ வெளிநாட்டுக் குடும்பம் இருக்கிறது போல என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பிறகு அந்த வீட்டின் பின்கதவு திறந்தது. சாரம் கட்டிய ஒருவர் வெளியே வந்து, நாலு பக்கமும் பார்த்துக் கூப்பிட்டார்.

"இஞ்சரும்! எங்கை நிக்கிறீர்?"

"ஹேர்!" என்றேன். இங்கே என்பதற்கு டெனிஷ்ச் சொல். ஏன் அது வாயில் வந்தது என்று தெரியாது.

"ஆரது?" என்றார் அன்ரன் வேலியைப் பார்த்து.

"நான்தானப்பா. இஞ்சை. மேலை."

"என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார் கீழே நின்ற பிரேபன், தன்னிடம் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து.

கடைசி அப்பிள் என் கைக்குள் இருந்தது. பெரியது, ஒரு பக்கம் சிவந்தது. அன்ரன் வேலியோரம் வந்து சாரத்தை மடிபோல விரித்துப் பிடித்து அண்ணாந்து நின்றார். இந்தப் பக்கம் பிரேபன் வாளியை உயர்த்திப் பிடித்து அண்ணாந்து நின்றார். போடு என்று ஒருவர் தமிழிலும் ஒருவர் டெனிஷிலும் சொன்னார்கள். நான் அப்பிளைத் திருப்பிப் பார்த்தேன். காம்புக்குப் பக்கத்தில் குண்டூசித் தலையளவு துளை. துளை இல்லாத பக்கத்தை நானே ஒரு கடி கடித்தேன்.